வானத்துக்கு ஏது வெள்ளிக்கிழமை?

போன மாதம் என் பழைய மாணவி நிவேதா போன் செய்தாள். இப்போது அவளும் ஒரு வளிமண்டல விஞ்ஞானி. கடற்கரை வானிலை நிலையங்களின் பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை அவளுடையது. பேச்சை ஆரம்பிக்கும்போதே சிரிப்பை அடக்க முடியாமல் இருந்தாள்.

“மேடம், நீங்க வேலை பாத்த தீவு ஸ்டேசன் டேட்டா இப்பத்தான் கைக்கு வந்துச்சு. பதினோரு வருசத்துக்கு ஈரப்பதத்துல வெள்ளிக்கிழமைக்கு மட்டும் நம்பலாம்னு பச்சைக் குறி. மத்த ஆறு நாளும் நம்பாதன்னு சிவப்பு. அந்த ஆறு நாளும் எல்லாரும் லீவா மேடம்?”

“லீவா? அங்கன தீபாவளிக்கே லீவு கெடையாதுடி” என்றேன்.

“அப்ப என்னதான் நடந்துச்சு? எழுதிக் குடுங்க மேடம். எங்க டீம்ல ஒருத்தரும் கையால ரீடிங் எடுத்ததில்ல. எல்லாம் மெசினே எடுத்து மெசினே அனுப்பிருது.”

சரி என்று சொல்லிவிட்டேன். ஓய்வு பெற்ற பேராசிரியையிடம் எழுதச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது, பாவம். நாற்பது வருடக் கதையையும் இழுத்துக்கொண்டு வந்துவிடுவோம். நான் அப்படிச் செய்யப் போவதில்லை. அந்தச் சிவப்பு ஆறு நாள்களை மட்டும் சொல்கிறேன். என் ஆய்வுப் பட்டமும், கிடைக்க இருந்த விரிவுரையாளர் வேலையும், ஒரு நல்ல மனிதர் முப்பத்தைந்து வருடமாகக் காப்பாற்றி வைத்திருந்த பெயரும் அந்த ஆறு நாள்களுக்குள்தான் மாட்டிக்கொண்டு கிடந்தன.

எங்கள் ஊர் நயினார்கோவில் பக்கம். மானாவாரி நெல், மிளகாய், கொஞ்சம் பருத்தி. கண்மாய் நிறைந்த வருடம் எங்கள் அய்யா சத்தமாகப் பேசுவார். நிறையாத வருடம் அவர் வீட்டில் இருப்பதே தெரியாது. வானத்தைப் பற்றிப் படிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு அதன் அழகைப் பார்த்து வரவில்லை, அய்யாவின் குரல் ஏறி இறங்குவதைக் கேட்டு வந்தது. ராமநாதபுரத்தில் இயற்பியல் படித்தேன். தேர்வு எழுதினேன். புனேயில் சில மாதங்கள் பயிற்சி. குளிரும் சப்பாத்தியும் மேகங்களின் லத்தீன் பெயர்களுமாக அது ஓடிப் போயிற்று. ராமேஸ்வரம் தீவில் ஒரு வானிலை நிலையத்தில் பதிவாளராகப் போட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது அய்யா கேட்டார்:

“ஏத்தா, அங்கன ஒக்காந்து நாள் பூரா ஆகாசத்தத்தான பாக்கப் போற? போற மழைய அப்பிடியே நம்ம கண்மாய்ப் பக்கம் திருப்பி விட்டுரு.”

“கவர்மெண்டுல அதுக்கு ஆர்டர் வரணும்யா” என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். அது நல்ல வருடம்.

நிலையம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். இரண்டு அறை, ஒரு மாடிப்படி, புல் முளைக்காத மணல் முற்றம். முற்றத்தின் நடுவில் கால் வைத்த வெள்ளை மரப்பெட்டி. காற்று போய்வர நாலு பக்கமும் சரிவுப் பலகைகள். அதற்குள் வெப்பமானிகள். வடக்கே ஓசையில்லாத கடல், அதைப் பெண்கடல் என்பார்கள்; தெற்கே எந்நேரமும் இரைகிற ஆண்கடல். இரண்டுக்கும் நடுவில் நான். முதல் ஒரு வாரம் எனக்கு வேலையே ஓடவில்லை, வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

பொறுப்பாளர் மஜீது சார், கீழக்கரைக்காரர். ஒல்லியான உடம்பு, அரைக்கை வெள்ளைச் சட்டை, கைகள் எப்போதும் முதுகுக்குப் பின்னால். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, பாராட்டியும் பார்த்ததில்லை. காலை எட்டரை மணிப் பதிவுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பெட்டிக்கு முன்னால் போய் நிற்பார். கதவைத் திறக்க விடமாட்டார்.

“இப்ப எவ்வளவு இருக்கும்? சொல்லுங்கம்மா.”

தோலில் படும் காற்றை வைத்து ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். பிறகு திறந்து, மூச்சை அடக்கி, கண்ணைப் பாதரச மட்டத்துக்கு நேராக வைத்துப் படிக்க வேண்டும். முதலில் பத்தில் ஒரு பங்கு, அப்புறம் முழு டிகிரி. ஏனென்றால் நம் உடம்புச் சூட்டுக்கு அந்தக் கடைசிப் புள்ளிதான் முதலில் ஓடும். நான் சொன்ன எண்ணும் படித்த எண்ணும் வேறாக இருந்தால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். இரண்டும் ஒன்றாக இருந்துவிட்டால்தான் தொல்லை.

“இன்னொருக்கப் படிங்க.”

“சரியாத்தான் சார் இருக்கு.”

“நெனச்சது கண்ணுல வந்து ஒக்காந்துக்கும்மா. இன்னொருக்கப் படிங்க.”

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சரியாகச் சொன்னவளுக்குத் தண்டனையா என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பப் படிப்பேன். படித்ததை மையில் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது; ஒரே கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தப்பும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பது சட்டம்.

ஒருநாள் அவரிடம் ஏன் மிகச் சரியாக எட்டரை என்று கேட்டேன். உலகம் பூராவும் இதே நேரத்தில்தான் பெட்டியைத் திறக்கிறார்கள் என்றார். அங்கங்கே கடிகாரம் வேறு வேறு மணி காட்டும், ஆனால் கணம் ஒன்றுதான். பாலைவனத்தில் ஒருவர், பனிக்கட்டிக்கு நடுவில் ஒருவர், நடுக்கடலில் கப்பல் மேல்தளத்தில் ஒருவர், பாம்பனுக்குக் கிழக்கே நயினார்கோவில் விவசாயி மகள் ஒருத்தி. முன்பின் பார்த்திராத அத்தனை பேரும் ஒரே கணத்தில் குனிந்து ஒரே காற்றைப் படிக்கிறோம். அதைக் கேட்ட மறுநாள் காலை அத்தனை பேரையும் நினைத்துக்கொண்டு பெட்டிக் கதவை மெதுவாகத் திறந்தேன். இன்றும் எட்டரை மணி ஆனால் கை ஒரு கணம் வேலையை நிறுத்திவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காற்றழுத்தம் காட்டும் பாதரசக் கம்பம் தினமும் காலை பத்து மணிக்கு ஏறும், மாலை நாலு மணிக்கு இறங்கும், மறுபடி இரவு ஏறும், விடியற்காலை இறங்கும். புயல் இல்லை, மழை இல்லை, ஒரு இலை கூட அசையவில்லை என்றாலும் அது ஏறி இறங்கும். கடலுக்கு அலை இருப்பது போல மொத்த ஆகாயத்துக்கும் ஓர் அலை. புத்தகத்தில் படித்திருந்தேன், கண்ணால் பார்த்த அன்று சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தேன். நம் தலைக்கு மேலே இவ்வளவு பெரிய ஒன்று மூச்சு விடுகிறது, நாம் அதற்கு அடியில் நின்று பஸ்ஸுக்குச் சண்டை போடுகிறோம்.

இனி தண்ணீருக்கு வருகிறேன். பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெப்பமானிகள் நிற்கும். ஒன்று சும்மா நிற்கும். இன்னொன்றின் குமிழில் மெல்லிய மல் துணி சுற்றி, அதிலிருந்து ஒரு திரி கீழே இருக்கும் தண்ணீர்க் குப்பியில் தொங்கும். அதுதான் ஈரக் குமிழ். வேர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் குளிர்கிறது அல்லவா, அதே சங்கதி. காற்று எவ்வளவு வறண்டு இருக்கிறதோ அவ்வளவு வேகமாகத் துணி காயும், குமிழ் அவ்வளவு குளிரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக் காற்றில் எவ்வளவு ஈரம் என்று சொல்லிவிடலாம். ஆனால் தண்ணீரில் ஒரு பொட்டு உப்புக் கூட இருக்கக் கூடாது. உப்பு தண்ணீரை எளிதில் ஆவியாக விடாது. குமிழ் குளிர வேண்டிய அளவு குளிராது. காய்ந்த காற்றை ஈரக் காற்று என்று நாம் எழுதி வைப்போம்.

அதனால் வடிநீர், அதாவது டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். அது மதுரையிலிருந்து வரும். நான் சேர்ந்த வருடம் சித்திரையில் வரவில்லை. கடிதம் போட்டோம், தந்தி அடித்தோம், வரவில்லை. மழைத் தண்ணீர் பிடித்து வைக்கலாம் என்று விதி சொல்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் சித்திரையில் மழைக்கு எங்கே போவது? குப்பி காய்ந்துகொண்டிருந்தது. நிலையத்தைக் கூட்டித் துடைக்க அக்காள்மடத்திலிருந்து வரும் பஞ்சவர்ணம் அக்காதான் வழி சொன்னார்.

“ஏந்தாயி இப்பிடிப் பதறுற? எங்க ஊத்துத் தண்ணி இருக்குல்ல. கல்கண்டு மாதிரி இருக்கும். நாளைக்கு ஒரு கொடம் கொண்டாறேன்.”

அந்தத் தீவில் கடற்கரை மணலைத் தோண்டினால் ஆழமில்லாமலே தண்ணீர் ஊறும். பெண்கள் சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புவார்கள். மறுநாள் அக்கா கொண்டுவந்தார். நான் குடித்தேன். இனித்தது. மஜீது சாரும் குடித்தார், நாக்கில் வைத்து நின்று யோசித்தார்.

“நல்ல தண்ணிதான்” என்றார்.

இங்கேதான் எங்கள் மூன்று பேரின் பிழை. மூன்று பேரும் பிறந்ததிலிருந்து குடித்தது இந்த மாவட்டத்துத் தண்ணீர். எங்கள் ஊர்க் கிணற்றில் சோறு வடித்தால் உப்புப் போட வேண்டாம். கீழக்கரை அதற்கு அண்ணன். அக்காள்மடத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எங்கள் நாக்குக்குக் கொஞ்சம் உப்புக் குறைந்தாலே அது இனிப்பு. தஞ்சாவூர்க்காரர் ஒருவர் அங்கே வேலையில் இருந்திருந்தால் முதல் வாயிலேயே துப்பியிருப்பார், இந்தக் கட்டுரையும் இருந்திருக்காது. சார் சொல்லி, பதிவேட்டின் குறிப்புப் பகுதியில் நான்தான் எழுதினேன்: ‘வடிநீர் வரவில்லை. ஊற்று நீர் ஊற்றப்பட்டது. ருசி பார்க்கப்பட்டது. உப்பில்லை.’ கீழே கையெழுத்தும் போட்டேன்.

நல்ல தண்ணீர் கையில் கிடைத்த பிறகு மதுரைக்கு யார் கடிதம் போடுவார்கள்? ஒரு மாதத்து ஏற்பாடு வருடக்கணக்கில் வழக்கமாகிவிட்டது. ஏழு வருடம் நான் அந்தத் தண்ணீரை ஊற்றினேன். எனக்குப் பின்னால் வந்தவர்களும் ஊற்றினார்கள். துணி இரண்டு மூன்று நாளில் அப்பளம் மாதிரி விறைக்கும், ஓரத்தில் வெள்ளை பூக்கும். கடற்கரையில் எதுதான் உப்புப் பூக்காது? பூட்டு பூக்கிறது, சன்னல் கம்பி பூக்கிறது, காயப்போட்ட சேலை பூக்கிறது. இது கச்சான் என்கிற மேற்குக் காற்று கொண்டுவந்த உப்பு என்று நினைத்துக்கொண்டோம். வாரம் ஒருமுறை துணி மாற்றினோம். மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு ஆள் வந்தால், நம் பழக்கம் தெரியுமே, முதல் நாளே பெட்டிக்குச் சுண்ணாம்பு, கதவுக்கு எண்ணெய், குமிழுக்குப் புதுத் துணி. புதுத் துணியோடு அளந்தால் எல்லாம் சரியாக இருக்கும். வந்தவர்கள் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள்.

இதற்கிடையில் அஞ்சல் வழியில் முதுகலை முடித்தேன். படிப்பு விடுப்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தேன். பூமி சூடாகிறது, சூடான காற்று கூடுதல் ஈரத்தைச் சுமக்கும் என்ற பருவநிலை மாற்றப் பேச்சு அப்போதுதான் நம் பக்கம் காதில் விழ ஆரம்பித்திருந்தது. கடற்கரைக் காற்றில் ஈரம் கூடுகிறதா என்பது என் தலைப்பு. எந்த நிலையத்தை எடுப்பது என்று யோசிக்கவே வேண்டாம். பதிவேட்டில் பாதி என் கையெழுத்துத்தானே! பழைய ஆண்டுகளையும் சேர்த்துக் கோடு வரைந்தேன். நீண்ட காலம் ஏறக்குறைய சமமாகப் போன கோடு, நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தை ஒட்டித் தலை தூக்கி வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போனது. என் நெறியாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அதே பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரையாளர் இடம் காலியாகி இருந்தது. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுத்தான் நேர்காணலுக்குப் போக வேண்டும். மூன்று மாதம் இருந்தது. வீட்டிலும் சொல்லிவிட்டேன். அய்யா ஊர் பூராவும் சொல்லிவிட்டார்.

கடைசி அத்தியாயத்துக்காகத் தினசரி எண்களை ஒவ்வொன்றாகக் கையால் குறித்துக்கொண்டிருந்தபோது ஒன்றைப் பார்த்தேன். கோடு வழுவழுப்பாக இல்லை. ரம்பப் பல் மாதிரி ஏறி ஏறி, சட்டென்று இறங்கி, மறுபடி ஏறியது. எண்ணிப் பார்த்தேன். ஏழு நாள். அடுத்ததும் ஏழு நாள். பக்கம் பக்கமாக ஏழு நாள்.

அழுத்தத்துக்கு நாளுக்கு இரண்டு அலை இருப்பது போல ஈரத்துக்கு ஏழு நாள் அலை ஒன்று இருக்கிறது, அதை உலகத்தில் நான் முதலில் பார்த்திருக்கிறேன்! எந்தப் புத்தகத்திலும் இல்லை. நெறியாளருக்கும் தலை சுற்றியது. மிச்சமிருக்கும் பதிவேடுகளையும் பார்த்துவிட வேண்டும் என்று அன்றே பஸ் ஏறினேன். அந்த அலைக்கு என் பெயரையே வைப்பார்களோ என்று கூட வழியில் யோசித்தேன். சிரிக்காதீர்கள். நீங்களும் யோசித்திருப்பீர்கள்.

மஜீது சார் ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. வரைபடத்தை மேசையில் விரித்தேன். ஒரே மூச்சில் சொன்னேன். அவர் நின்றபடியே, கையைப் பின்னால் கட்டியபடியே, நெடுநேரம் பார்த்தார்.

“எறங்குதே, அது என்ன கெழம?” என்று கேட்டார்.

“கெழமையா? அதெல்லாம் பாக்கல சார்.”

“பாருங்க.”

நாள்காட்டியை எடுத்து வைத்துப் பார்த்தோம். முதல் இறக்கம் வெள்ளிக்கிழமை. இரண்டாவது வெள்ளிக்கிழமை. அந்த மாதம் பூராவும் வெள்ளிக்கிழமை. வேறொரு வருடத்தைத் திறந்தோம், அதிலும் வெள்ளிக்கிழமை. நான் இன்னும் சந்தோஷத்தில்தான் இருந்தேன். அவர் முகம்தான் வெளுத்துக்கொண்டே வந்தது.

“வானத்துக்கு ஏதும்மா வெள்ளிக்கிழமை?” என்றார்.

சூரியனுக்கு நாள் தெரியும், நிலாவுக்கு மாதம் தெரியும். வாரம் என்பது மனிதன் வைத்தது. ஏழு நாளுக்கு ஒருமுறை ஒன்று நடந்தால் அதைச் செய்தது மனிதக் கை. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஜும்மா தொழுகைக்குப் போவதற்கு முன்னால் செய்கிற காரியங்களில் முதல் காரியமாக, மஜீது சார் ஈரக் குமிழுக்குப் புதுத் துணி கட்டுவார். தான் விடுப்பில் போனால் என்னைக் கட்டச் சொல்லி எழுதி வைத்துவிட்டுப் போவார். புதுத் துணியில் குமிழ் சரியாகக் குளிர்ந்தது. சனி, ஞாயிறு, திங்கள் என்று துணியில் உப்பு ஏற ஏறக் குளிர்ச்சி குறைந்தது. வியாழக்கிழமை காற்றில் இல்லாத ஈரத்தை எல்லாம் நாங்கள் எழுதினோம். என் ஏழு நாள் அலை அதுதான்.

அவர் அலமாரியைத் திறந்து நான் சேர்ந்த வருடத்துப் பதிவேட்டை எடுத்தார். சித்திரையில் கோடு தலை தூக்கிய அதே இடத்தில் என் கையெழுத்து இருந்தது. ‘ருசி பார்க்கப்பட்டது. உப்பில்லை.’

எனக்கு உட்கார வேண்டும் போல இருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

“ஏத்தம் வருசா வருசம் கூடிக்கிட்டே போகுதே சார்? அதே தண்ணிதான?”

பஞ்சவர்ணம் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் சாதாரணமாகச் சொன்னார்:

“பழைய ஊத்து எங்க இருக்கு? அது மண்ணு மூடித் தூந்து போயி எம்புட்டு நாளாச்சு. இப்ப இங்கன கெழக்கால தோண்டுறோம். அது கொஞ்சம் கடுக்கத்தான் செய்யும். பழகிப் போச்சு.”

ஊற்று வருடத்துக்கு வருடம் உப்பேறியிருக்கிறது. எங்கள் நாக்கும் கூடவே ஏறியிருக்கிறது. அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை.

இருந்தாலும் வாயால் சொன்னதை மஜீது சார் ஒத்துக்கொள்பவர் இல்லை. அளக்க வேண்டும் என்றார். பல்கலைக்கழகத்திலிருந்து வடிநீர் வரவழைத்தேன். ஒரே பெட்டிக்குள் இரண்டு ஈரக் குமிழ்களை நிறுத்தினோம். ஒன்றுக்கு வடிநீர், ஒன்றுக்கு ஊற்று நீர். வெள்ளிக்கிழமை எட்டரைக்கு இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. எனக்குள் ஒரு நப்பாசை எட்டிப் பார்த்தது. திங்களன்று கொஞ்சம் விலகின. வியாழக்கிழமை இரண்டுக்கும் நடுவில் ஒரு டிகிரிக்குப் பக்கமாக இடைவெளி. அதைப் படித்துவிட்டுத் திரும்பினேன். அவர் வழக்கம்போல, “இன்னொருக்கப் படிங்க” என்றார். படித்தேன். அதே எண்தான். அன்றைக்கு முதல்முறையாக என் தோளில் கை வைத்தார், உடனே எடுத்துக்கொண்டார்.

அன்று மதியம் நான் சொன்னதை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

“சார், இந்த ஸ்டேசன மட்டும் என் ஆய்வுல இருந்து எடுத்துர்றேன். வேற ஊரு டேட்டாவ வச்சு ஒப்பேத்திருவேன். தண்ணிய மாத்திருங்க. இது நமக்குள்ளயே இருக்கட்டும். நீங்களும் ரிட்டயராகப் போறீங்க.”

“நீங்க ஒங்க ஆய்வுல இருந்து எடுத்துருவீங்க. மூணு மணிக்கொருக்க இந்த எண்ணையெல்லாம் தந்தி அடிச்சோமேம்மா, அது போன எடத்துல இருந்தெல்லாம் யாரு எடுக்குறது?”

அவர் வெள்ளைத் தாள் எடுத்து மேலிடத்துக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தார். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, என்ன தண்ணீர், எவ்வளவு பிழை, பொறுப்பு யார் என்று வரிசையாக எழுதினார். பொறுப்பு என்ற இடத்தில் தன் பெயரை மட்டும் எழுதினார்.

“தண்ணிய ருசி பாத்து எழுதுனது நான் சார். எம்பேரையும் போடுங்க.”

“நானுந்தான குடிச்சேன். ஸ்டேசன் எம்பொறுப்பு. நீங்க கீழ சாட்சிக் கையெழுத்துப் போடுங்க.”

போட்டேன். பாம்பன் பாலத்தைத் தாண்டும்வரை பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். கைநழுவிப் போன வேலைக்காகக் கொஞ்சம், அவருக்காக நிறைய. ஒரு புகாரும் ஏறாத அவருடைய பணிக்கோப்பில் கடைசி வருடத்தில் ‘கண்டிக்கப்பட்டார்’ என்று ஒரு வரி ஏறியது. பிரிவு உபசாரத்துக்கு மேலிடத்திலிருந்து யாரும் வரவில்லை. பஞ்சவர்ணம் அக்கா, அலுவலகத்தார் இரண்டு பேர், நான். அவர் வடையைப் பிட்டபடி, அன்றைய காற்று எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆய்வேடு அந்த வருடம் போகவில்லை. விரிவுரையாளர் இடம் இன்னொரு பெண்ணுக்குப் போயிற்று. ஊரில் அய்யாவுக்கு விளக்கம் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது. “உப்பா? உப்புக்கா வேலையக் குடுக்கல?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நெறியாளர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், முதலிலிருந்து தொடங்கு என்றார்.

எதிலிருந்து தொடங்குவது? பதினோரு வருடம் கெட்டுப் போய்விட்டது. அந்த ரம்பப் பற்களையே வாரக்கணக்கில் வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மண்டையில் உறைத்தது. கெட்டது ஆறு நாள்தானே! வெள்ளிக்கிழமை கெடவில்லையே! புதுத் துணி கட்டி ஒன்றரை மணி நேரத்தில் எடுத்த எண் அது. அதில் உப்பு சேர நேரமே இல்லை. பதினோரு வருடத்தில் ஒரு வெள்ளி கூடத் தவறாமல், காய்ச்சல் என்றாலும், பெருநாள் என்றாலும், ஏழு மணிக்கு ஒரு மனிதர் துணி மாற்றியிருக்கிறார், தான் இல்லாத அன்று மாற்ற வைத்திருக்கிறார். கண்டிக்கப்பட்ட அந்த மனிதரின் ஒழுங்கு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், அந்தக் காலத்துக் காற்றைப் பற்றி உலகத்துக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. எனக்குக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

வெள்ளிக்கிழமைகளை மட்டும் வைத்துக் கோடு வரைந்தேன். எதிர்பார்த்தபடியே அந்தப் பெரிய ஏற்றம் சரிந்து விழுந்தது. ஆனால் முழுதாக விழவில்லை. தரையோடு தரையாக ஒரு சின்ன ஏற்றம் மிச்சம் நின்றது. எனக்கு எரிச்சலாக வந்தது. இன்னும் எங்கேயோ உப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். அதைக் கொல்வதற்கு ஒன்றரை வருடம் பாடுபட்டேன். வெப்பமானி மாறிய தேதிகளைப் பார்த்தேன். பெட்டியை நகர்த்தினார்களா என்று பார்த்தேன். கடற்கரை நெடுக மற்ற நிலையங்களுக்கு எல்லாம், உங்கள் ஊரில் என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள், என்றைக்குத் துணி மாற்றுகிறீர்கள் என்று கடிதம் எழுதினேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஆனாலும் பதில் போட்டார்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கோளாறு இருந்தது. ஒவ்வொன்றையும் கணக்கிலிருந்து கழுவினேன். கழுவக் கழுவ அந்தச் சின்ன ஏற்றம் இன்னும் துலக்கமாக வந்தது. எல்லா ஊரிலும் இருந்தது. வெள்ளி, சனி என்று கிழமை பார்க்காமல் இருந்தது.

அந்த ஆய்வேட்டுக்குத்தான் பட்டம் கிடைத்தது. ஏழு நாளில் ஆறு நாளைத் தூக்கி எறிந்த ஆய்வை முதல்முறை பார்க்கிறேன் என்று தேர்வாளர் சொன்னார். பிறகு வேறொரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே பாடம் நடத்தினேன். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் மூன்று தம்ளர் தண்ணீரை வைத்து, எது நல்ல தண்ணீர் என்று பிள்ளைகளைக் குடித்துப் பார்க்கச் சொல்வேன். எங்கள் மாவட்டத்துக் கடலாடிப் பையனும் கும்பகோணத்துப் பெண்ணும் ஒருநாளும் ஒத்துப் போனதில்லை. அந்தச் சண்டையிலிருந்துதான் என் பாடம் தொடங்கும்.

இத்தனை வருடத்தில் நான் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முந்தைய வாரம் கீழக்கரைக்குப் போனேன். மஜீது சார் மெலிந்திருந்தார். வாசலிலேயே, “அங்கன காத்து எப்பிடிம்மா?” என்று கேட்டார். வீட்டம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நான் புது வரைபடத்தை அவர் மடியில் விரித்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலைக் கோட்டின் மேல் வைத்து, இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தினார்.

“இது அத்தனையும் வெள்ளிக்கிழமையா?”

“அத்தனையும் நீங்க கட்டுன துணி சார்.”

விரல் கடைசியில் வந்து நின்றது. தொடங்கிய இடத்துக்கும் நின்ற இடத்துக்கும் நடுவில் ஒரு நகக்கண் உயரம்தான் வித்தியாசம்.

“மத்த ஊருல?”

“எல்லா ஊருலயும் இருக்கு சார்.”

“நல்லாக் கழுவிப் பாத்தீங்களா?”

“ஒன்றர வருசமாக் கழுவுனேன்.”

“இன்னொருக்க?”

“பாத்துட்டேன் சார். போகல.”

அவர் வரைபடத்தை மடிக்கவில்லை. வேலை நேரத்தில் ஆண்டவன் பேரை இழுக்காத மனிதர், “யா அல்லாஹ்” என்றார், எனக்கே சரியாகக் கேட்காத குரலில். சன்னலுக்கு வெளியே கடல் எப்போதும் போலத்தான் கிடந்தது. அதன் மேலிருந்து வந்த காற்று எங்கள் இரண்டு பேர் முகத்திலும் பட்டது. முதல் கோட்டை வரைந்த அன்று, பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். அந்தப் பெரிய ஏற்றம் பொய்யாகப் போயிற்று. இந்தச் சின்ன ஏற்றம், நான் கொல்லப் பார்த்தும் சாகாதது, என்னுடையதும் இல்லை, அவருடையதும் இல்லை. காற்றே எழுதியது. இத்தனை பெரிய ஆகாயம், இத்தனை பெரிய கடல், இரண்டும் சேர்ந்து சூடேறி நகர்ந்திருக்கின்றன. ஒரு நகக்கண் உயரம்.

இதுவும் உப்பாகவே இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். அவரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது. தேத்தண்ணி ஆறிப் போயிற்று.